துணிமேல் வெறுங்கால்

வியாழன், இரவு.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செல்வி துணிக்குவியலின் மேல் வெறுங்காலோடு நிற்கும் வீடியோ உலகமெங்கும் சுற்றுகிறது. “இந்தியர்கள் அழுக்கு என்று முன்பே தெரியும்” என்று கீழே பல நாட்டுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் நின்றது. செல்விக்கு வேலை போனது.

எங்கள் பேப்பருக்காக அவளை வீட்டில் போய்ப் பார்த்தேன். “துணி அழுக்காயிருமுன்னுதானுங்க செருப்பைக் கழட்டிட்டு ஏறுனேன்” என்றாள்.

அதையே எழுதப்போகிறேன், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனி முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“தாராளமா எழுதுங்க. அந்த வீடியோ பாத்தவன் தமிழ்ப் பேப்பரா படிக்கறானுங்க?”

வெளியே வரும்போது பார்த்தேன். வெறுங்காலோடு யாரும் ஏறக்கூடாதென்று புது உத்தரவாம். தெருவில் நடந்த செருப்போடு எல்லோரும் துணிமேல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.