புதுப்பிக்காத போன்

இன்று காலையும் இந்தப் பழைய போன், நீ வேலை செய்த விளையாட்டைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். கண்ணாடி விரிசல் விட்டு, சார்ஜும் நிற்காத இதை இன்னும் ஏன் சுமக்கிறாய் என்று ஆபீசில் கேலி செய்கிறார்கள். காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஐரோலி ஸ்டுடியோவில் உன் வேலை, விளையாட்டை ஆடி ஆடிப் பிழை கண்டுபிடிப்பது. அதில் ஓடும் பெண்ணுக்குக் குரல் வேண்டும் என்று ஒரு நாள் உன்னையே மைக் முன்னால் நிறுத்தினார்கள். தற்காலிகம்தான், பிறகு வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்றார்கள். வேறு ஆள் வரவே இல்லை. விளையாட்டு சக்கைப்போடு போட்டது. ரயிலில் பக்கத்து சீட்டில் யாராவது அதை ஆடினால் நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாய். நீ வேலையை விட்ட பிறகு பார்த்தால், விளையாட்டின் கடைசியில் வரும் பெயர்களில் உன் பெயர் இல்லை. உன்னைப்போல விலகிய மற்றவர்கள் பெயரும் இல்லை. கேட்டதற்கு, அது வெளியே விலைக்கு வாங்கிய குரல், உன்னுடையது இல்லை என்று சாதித்தார்கள்.

அந்தத் தகராறைத்தான் நான் ஆவணப்படமாக எடுத்தேன். பெயர் கேட்டுப் போராடியவள் அதில் பெயரில்லாமல் பேச வேண்டியிருந்தது. அடுத்த கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிட்டால் வேலை தரமாட்டான் என்று பயந்தாய். உன் முகத்தை இருட்டாக்கினேன், குரலை மாற்றினேன். அசல் பதிவை அழித்துவிடச் சொன்னாய். உன் கண் முன்னாலேயே அழித்தேன்.

நம் கையில் இருந்த பெரிய சாட்சி, அந்தப் பெண் பள்ளத்தில் விழும்போது போடும் சத்தம். ஓடும்போதெல்லாம் இந்தி பேசுகிறவள், விழும்போது மட்டும் "யம்மோ!" என்பாள். விலைக்கு வாங்கிய குரலுக்குத் தாராவி வீட்டுத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று படத்தில் கேட்டோம். ஸ்டுடியோக்காரர்கள் சத்தமில்லாமல் விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அதில் வேறு யாரோ ஒருத்தி பேசினாள்.

கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் காபி ஆறிக்கொண்டிருந்தபோது இந்தி வசவும் கலந்து நீ சொன்னாய்: "பேரப் போடுங்கன்னா, ஸாலா, குரலையே தூக்கிட்டானுவட்டி." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விடும் என்று யார் கண்டது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். "அவ பேசுன படம்னு ஒண்ணு இருக்காம்லா, போட்டுக் காட்டுட்டி" என்றார், நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா. லேப்டாப்பில் போட்டேன். அத்தை திரைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். "இது யாருட்டி? எம்மவ குரலே இல்லியே."

உன் அசல் குரல் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினோம். கல்யாண வீடியோக்களில் நீ வாயசைக்கிறாய், பாட்டுச் சத்தம்தான் கேட்கிறது. உன் போனின் பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. அப்போதுதான், சாட்சிக்காகப் புதுப்பிக்காமல் வைத்திருந்து, படம் முடிந்ததும் அலமாரியில் போட்ட இந்தப் போன் நினைவுக்கு வந்தது. செம்பூரில் என் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். விளையாட்டு பழையபடியே இருந்தது.

எனக்கு விரல் பழகிவிட்டதால் அந்தப் பெண் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தாள். உன் இந்தியை அத்தை தலையை ஆட்டிக் கேட்டார், அந்த ஆபீஸ் இந்தி மகளின் குரலாக அவருக்குப் பிடிபடவில்லை. "எம்மவளா எப்பட்டி பேசுவா?"

"விழுந்தாத்தான் அத்தை."

விரலை எடுத்தேன். விழுந்தாய். "யம்மோ!"

"என்னட்டி?" என்றார் அத்தை, அடுக்களையிலிருந்து பதில் சொல்கிறவர்போல. பிறகுதான் அழுதார்.

இன்னொருக்கா போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ட்டி. ஓடட்டும்."

போனை அங்கேயே விட்டுவரப் பார்த்தேன். அத்தை அதை என் பையில் திணித்தார். "நீயே கொண்டு போ. எங் கையில இருந்தா, குரலக் கேக்கணும் கேக்கணும்னு அவள விழ வச்சிக்கிட்டே இருப்பேன்."

அதனால்தான் இது என்னிடம் இருக்கிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எடுத்து உன்னை ஓடவிடுகிறேன். பள்ளம் வரும்போதெல்லாம் விரல் தயங்குகிறது, ஒரே ஒருமுறை என்று மனசு கெஞ்சுகிறது. தாண்டவைத்துவிடுகிறேன். உன் "யம்மோ"வைக் கேட்காமலே செம்பூரில் இறங்கி நடக்கிறேன்.