ரோட்டைப் பார்க்காத செருப்பு

சித்தி,

இன்று மத்தியானம் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்ததும் ரப்பரும் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. மங்கிப்போயிருந்தாலும் இருந்தது. உள்ளே உங்கள் மண்ணிறச் செருப்பு. குதிகால் நிற்கும் இடத்தில் ஒரு குழி. விரல்கள் அழுந்திய இடங்களில் கறுத்த தடங்கள். பெருவிரலின் தடம் மட்டும் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கிறது, நீங்கள் நிற்கிற மாதிரியே. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது. வரிகள் தேயவில்லை, மண் ஒட்டவில்லை. எல்லோருடைய செருப்பும் அடியில்தான் தேயும். உங்களுடையது மேலே மட்டும் தேய்ந்திருக்கிறது.

இதை ஏன் இன்றைக்கு எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் பேராதனையில் படிக்க இடம் கிடைத்தபோது, கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவது சரிவருமா என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தார். நீங்கள் யோசிக்கவில்லை. "அவ எங்கிட்ட இருக்கட்டும்க்கா. எனக்கும் பேச ஆள் வேணும். இவ பேசமாட்டா, ஆனா கேப்பா" என்றீர்கள். அப்படித்தான் நான் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைக்கு வந்தேன். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இரண்டு அறைகள். ஒன்றில் நாம் தூங்கினோம். மற்றதில் அடுப்பும் ஒரு மேசையும், சுவரில் சாமித்தட்டும். தரை முழுக்கச் சிவப்புச் சீமெந்து, கல் மாதிரி குளிர்ந்து கிடக்கும்.

காலையில் நீங்கள் எழுந்திருப்பதைப் பாயில் படுத்தபடியே பார்ப்பேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரைக்கு மேலே தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் இருப்பீர்கள், குளத்தில் இறங்கப் பயப்படுகிறவர் மாதிரி. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் அடி. அப்போது உங்கள் வாயிலிருந்து சத்தம் வராது, மூச்சு மட்டும் நிற்கும். கதவு வரைக்கும் விரல்நுனியில் நடப்பீர்கள். நான் பார்ப்பது தெரிந்தால், "என்னடி பாக்குற, டான்ஸ் கிளாஸ் எடுக்கிறேன்" என்பீர்கள்.

கண்டி டவுனில் ஒரு சேலைக்கடைக்கு நீங்கள் கல்யாண வயதில் வேலைக்குப் போனவர். கல்யாணம் நடக்கவில்லை, வேலை நிலைத்துவிட்டது. காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுதான் விற்க வேண்டும். அதுவும் வெறுங்காலில். சேலைகளை விரித்துக் காட்டும் அந்த உட்பகுதியில் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. வாங்க வருகிறவர்களும் படியிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அங்கே லட்சுமி படம் இருந்தது, முதல் வியாபாரத்தை அதற்கு முன்னால்தான் வைப்பார்கள். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். அதில் யாருக்கும் கேள்வி இருந்ததில்லை, உங்களுக்கும்தான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து, கையிலிருந்த பையை வைக்காமலே சொன்னீர்கள்.

"மொதலாளி இன்னைக்கு கூப்பிட்டாரு. 'அக்கா, கஷ்டப்பட்டு நிக்க வேணாம். முடியலன்னா சொல்லிருங்க'ன்னாரு."

"நல்லவிதமாத்தானே சொல்லியிருக்காரு சித்தி."

"மரியாதையாத்தான் சொன்னாரு. அதான் பயமா இருக்கு."

அந்த வேலை போனால் அந்த இரண்டு அறையும் போகும். நீங்கள் திரும்பவும் தோட்டத்துக்கு, அண்ணனின் லயத்து வரிசைவீட்டில் ஒரு மூலைக்குப் போக வேண்டும். என் படிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததனால் அது எனக்கு இன்னும் நன்றாகக் கேட்டது.

ஆஸ்பத்திரி கிளினிக்கிற்கு நான் உங்களோடு வந்தேன். டொக்டர் சிங்களப் பெண், நம் இரண்டு பேரைவிடவும் களைத்திருந்தார். உங்களுக்குச் சிங்களம் கடைக்குப் போதுமான அளவு வரும், நோய்க்கு வராது. நான்தான் இடையில் நின்று சொன்னேன். டொக்டர் இரண்டுமுறை "மொகத கிவ்வே?", என்ன சொன்னாய், என்று கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "வலி எனக்குத்தானே, நீ ஏன்டி முனகுற? இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றீர்கள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

டொக்டர் உங்கள் குதிகாலை அழுத்திப் பார்த்தார். உள்ளங்காலின் தசைநார் இழுபட்டு வீங்கியிருக்கிறது என்றார். மாத்திரையைவிடச் செருப்புத்தான் முக்கியமாம். மெத்தென்று இருப்பது உதவாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் வார் வேண்டும், நடுவில் மடியக்கூடாது, உள்ளங்கால் வளைவுக்குக் கீழே கொஞ்சம் மேடு வேண்டும். வெறுங்காலில் நிற்கக்கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது. எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். "வீட்டுக்குள்ள செருப்பா? அந்தம்மாவுக்கு நம்ம வீடு தெரியாது."

டொக்டர் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு சோடி வாங்கியிருந்தீர்கள். பெருவிரலால் அழுத்தி, "மெத்த மாதிரி இருக்குடி" என்று பார்த்து வாங்கியது. அடுத்த மாதமே அது அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. கிளினிக்குக்குப் பிறகு கன்வஸ் சப்பாத்து ஒன்று போட்டுப் பார்த்தீர்கள். அது சித்திரை மாதம். கண்டியில் அந்த மாதத்து வெயில் மலைகளுக்கு நடுவே பானைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். கால் வீங்கி, வேர்த்து, விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. "சேலைக்கு கீழ இதப் பாத்தா நெட்போல் டீச்சர்ன்னு நெனப்பாங்க" என்று அதையும் மூலையில் போட்டீர்கள். வெயிலுக்குத் திறந்திருக்க வேண்டும், காலையும் பிடித்திருக்க வேண்டும். அப்படி ஒன்று பெண்களுக்கு என்று செய்யப்படுவதே இல்லை போலிருந்தது. எல்லாம் மெல்லிய வார், தட்டை அடி, மேலே ஒரு பூ.

மார்க்கட் பக்கத்து ஒழுங்கையில் ஒரு செருப்புக்கடை. நீங்கள் கதிரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, டொக்டர் சொன்னபடி இரண்டு முனையையும் பிடித்து மடித்துப் பார்த்தேன். எல்லாம் நடுவில் மடிந்தன. கடைக்கார முஸ்லிம் நானா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, அது செருப்பு. ரொட்டி இல்ல."

நான் அப்படியே வைத்துவிட்டேன். நீங்கள் விடவில்லை.

"மடியாத ரொட்டியா ஒண்ணு குடுங்க நானா. எனக்கு கால் வலி, அவளுக்கு கூச்சம். ரெண்டுக்கும் மருந்து தேடி வந்திருக்கோம்."

அவர் சிரித்துவிட்டார். "பொம்பளைங்கட சாமான்ல அப்படி ஒண்டும் இல்ல. ஆம்பளைங்கட பக்கம் ஈக்கி. சின்ன சைஸ் பாக்கவா?"

அப்படி வந்ததுதான் முதல் மண்ணிறச் சோடி. அகலமான வார், பின்னால் ஒரு பிடி, கனமான அடி. என்னால் அதை நடுவில் மடிக்க முடியவில்லை. போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தீர்கள். முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. "ஆம்பளைங்க இத்தன நாளா இவ்வளவு சொகமாவா நடந்திருக்காங்க?" என்றீர்கள்.

ஆனால் வலி போகவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை நன்றாக நடந்தீர்கள், திரும்பும்போதும் நன்றாக நடந்தீர்கள். இரவில் குதிகால் கொதித்தது. காலையில் சுவர் வேண்டியிருந்தது. செருப்பைத் துடைத்து வாசலில் வைப்பதில் மட்டும் நீங்கள் குறைவைக்கவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான். நல்ல செருப்பு என்றால் வெளியே போக.

வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள ஒருநாள் பின்னேரம் உங்கள் கடைக்கு வந்தேன். பின்கதவுக்கு அருகே வேலைசெய்கிறவர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் உங்களுடையது, துடைத்துப் பளிச்சென்று. உள்ளே எட்டிப்பார்த்தேன். நீங்கள் யாரோ ஒரு அம்மாவுக்குச் சேலையை விரித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றீர்கள், மற்றக் காலின் குதியைத் தூக்கி, ஊன்றிய காலின் கணுவில் சாய்த்து. காலை முழுதும், பின்னேரம் முழுதும் செருப்பு இங்கே ஓய்வெடுக்கிறது, கால் அங்கே நிற்கிறது. கால் உழைப்பது நடக்கும்போது என்றுதான் நாம் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். உங்கள் கால் உழைத்தது நிற்கும்போது.

அன்று சோறு சாப்பிடும்போது சொன்னேன். இதேபோல இன்னொரு சோடி வாங்கி, அதை ரோட்டில் மிதிக்காமலே பையில் கொண்டுபோய், கடைக்குள் மட்டும் போடலாம் என்றேன்.

"லட்சுமி முன்னாடியா?"

"புதுசுதானே சித்தி. ரோட்டப் பாக்காதது."

"அது சாமிக்கு எப்படி தெரியும்?"

நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். கை கழுவப் போனபோதுதான், எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னீர்கள். "காட்டினாத் தெரியும்."

இரண்டாவது சோடி வாங்கிய மறுநாள் நடந்ததை நீங்களே நடித்துக் காட்டினீர்கள். கடை திறந்ததும் முதலாளியிடம் போனீர்களாம். காசு மேசைமேல் செருப்பு வைப்பது பெரிய குற்றம் என்று தெரிந்து, சேலை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கையிலேயே பிடித்து, அடியைத் திருப்பினீர்களாம். "மொதலாளி, அடியப் பாருங்க. இது ரோட்டப் பாத்ததில்ல. இத போட்டா நான் நிப்பேன். போடலன்னா, நீங்க கேட்ட மாதிரி முடியலன்னு சொல்லிருவேன்." அவர் உங்களைப் பார்த்தாராம், படத்தைப் பார்த்தாராம், திரும்ப அடியைப் பார்த்தாராம். பிறகு, "சேலைல படாம பாத்துக்கங்க" என்று கணக்கில் குனிந்துகொண்டாராம். படத்துக்கு முன்னாலும் போய் அடியைத் திருப்பிக் காட்டினீர்களா என்று கேட்டேன். "அது எனக்கும் அவளுக்கும் உள்ளது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒற்றைக்காலில் நின்றதை நான் பார்க்கவில்லை. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, மழை நாட்களில் வரும். ஆனால் அந்த வேலை இருந்தது, அந்த இரண்டு அறையும் இருந்தன. செருப்பு ஒவ்வொரு நாளும் சேலை உறைக்குள் பஸ் ஏறிப் போய், பஸ் ஏறி வந்தது. வீட்டிலும் அதைப் போட்டுக்கொண்டு சமைத்தீர்கள். சாமிக்கு விளக்கேற்றும்போது மட்டும் கழற்றிவிட்டு வெறுங்காலில் நிற்பீர்கள். வேண்டாமே என்று சொன்னதற்கு, "அந்த ஒரு நிமிஷம் வலிக்கட்டும்" என்றீர்கள். என் பட்டமளிப்பு நாளில் உட்கார இடம் இருந்தும் மரத்தடியில் நின்றீர்கள், ரோட்டுச் சோடியோடு. "இன்னைக்கு நிக்கலாம்ல" என்றீர்கள்.

உங்களைக் கொண்டுபோனது கால் இல்லை. மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியது அம்மாதான். குதிகால்களைத் தன் உள்ளங்கையில் தாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். இனி அதற்கு ஒன்றும் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும். உங்கள் சேலைகளை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவரின் செருப்பை யாரும் எடுப்பதில்லை. ரோட்டுச் சோடியை அம்மா வெளியே போடச் சொன்னார், போட்டேன். மற்றதை இந்தப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

இப்போது நான் புசல்லாவையில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் டவுனுக்கு வந்தாலும் அந்தக் கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். வருசப்பிறப்புக்கு அம்மா உங்கள் கடைச் சேலைதான் வேண்டும் என்றதால் இன்று போனேன். முதலாளிக்குத் தலை நரைத்திருக்கிறது, என்னை அடையாளம் தெரியவில்லை. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சேலை காட்டினாள். குனிந்தபோது பார்த்தேன், அவள் காலில் செருப்பு. பக்கத்தில் நின்றவள் காலிலும். பின்கதவு ஓரம் ஆணிகளில் சேலை உறைகள் தொங்கின.

"உள்ள செருப்பு போடலாமா?" என்று கேட்டேன்.

"என்ன மிஸ்?"

திரும்பக் கேட்டேன்.

"ஓ, இதா? உள்ளுக்குன்னு தனியா ஒரு சோடி மிஸ். ரோட்டப் பாக்காதது. இங்க அப்படித்தான். முன்னாடி நின்ன ஒரு அக்கா மொதலாளிகிட்ட பேசி ஆரம்பிச்சதாம். நான் பாத்ததில்ல."

சேலையின் கரையைக் கையில் பிடித்தபடி நின்றேன். இதற்கு முன்னால் எத்தனையோ இடங்களில் செய்தது போல, புன்னகைத்துவிட்டுக் காசு மேசைக்குப் போயிருக்கலாம்.

"அது என் சித்தி" என்றேன்.

"என்ன மிஸ்? கேக்கல."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். முதலாளி கணக்கிலிருந்து நிமிர்ந்தார். அந்தப் பெண் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் தூக்கி, செருப்பின் அடியைத் திருப்பி எனக்குக் காட்டினாள்.