இறக்கை நுனியில் எரிந்த விளக்கு

தம்பி,

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள் நீ, நான், உன் பெண்டாட்டி மல்லிகா, பெருமாள்மலை ஜீப் மெக்கானிக் அந்தோணி, மல்லிகாவின் அண்ணன் செல்வராசு. வேறு ஈ காக்கை இல்லை.

இன்று விதைப்பூண்டு எடுக்கப் போய்க் கதவைத் திறந்தேன். பூண்டு வாடையையும் மீறி, இறக்கை நுனிக்கு நீ குழைத்துப் பூசினாயே, அந்தப் பிசின் வாடை வந்து மூக்கில் ஏறியது. மூட்டையை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

கூக்காலில் ஒருத்தன் வீட்டிலேயே விமானம் கட்டுகிறான் என்று ஊரே சிரித்தது. நீ கட்டினாய். கடைசியாக இறக்கை நுனி இரண்டிலும் விளக்கு வைக்கிற வேலை.

"இத மாட்டிட்டா மலைக்குக் கீழ கொண்டு போய்ப் பறந்துரலாம்க்கா. பொழுது சாஞ்சாலும் தரை தெரியும், பயப்படாம எறங்கலாம்."

"பகல்ல பறந்துட்டு வெள்ளனே வந்து சேருடா. வெளக்கு எதுக்கு?" என்றேன். சிரித்தாய்.

நுனியை வெட்டி, ஜீப் விளக்கை உள்ளே பதித்து, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி போட்டாய். வால் தரையில் கிடந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், விளக்கு எங்கே விழும் என்று தெரியாது என்றாய். அதற்காகப் பூண்டு மூட்டைகளை அடுக்கி வாலைத் தூக்கி வைத்தோம். திருகாணிகளை எல்லாம் விரலால் தடவித் தடவித்தான் முடுக்கினாய். பழக்கம் என்று நினைத்தோம். சர்க்கரை உன் கண்ணைத் தின்றுகொண்டிருந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. வெளிச்சம் கூடினால் கண் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்கிறாய்.

வெளியே மஞ்சுமூட்டம் இறங்கிக் கொட்டகை மங்கிக் கிடந்தது. நீ இருக்கையில் ஏறி சுவிட்சைப் போட்டாய். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் பளிச்சென்று விழுந்தது.

"எரியுதா?" என்றாய். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாய்.

செல்வராசு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "எங்க மாப்ள எரியுது? அமாவாசையாக் கெடக்கு. ஒங்க ஏரோப்ளேனுக்கு அரிக்கேன் வெளக்குதான் லாயக்கு!"

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நீ திருப்பி வைவாய் என்று காத்திருந்தேன். "ஒயர் விட்டுருச்சோ" என்று முனகிக்கொண்டு இறங்கினாய். இறக்கையைத் தடவிக்கொண்டே நுனிக்கு வந்து, குனிந்து மூடியைக் கழற்றினாய். வெளிச்சம் முழுக்க உன் முகத்தில். நீ இமை கொட்டவில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை இப்போது. உள்ளே விரலை விட்டவன் வெடுக்கென்று இழுத்தாய்.

"சுடுது" என்றாய். அப்புறம் ரொம்ப மெதுவாக, "எரியுதுல்லக்கா?"

"எரியுதுப்பா" என்றேன்.

அந்தோணி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். அணைந்த பிறகும் விளக்குப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாய்.

மதுரையில் டாக்டர், நாள் கடந்துவிட்டது என்றார். கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தாய். போய்ச் சேருகிற வரை திருப்பிக் கேட்கவில்லை.

என்றாவது ஒருநாள் நீயே வந்து, என்னிடம் மட்டும் சொல்லியிருப்பாய். "அக்கா, கண்ணு தெரியலக்கா" என்று மடியில் தலைவைத்து அழுதிருப்பாய். அதற்குக்கூட உனக்கு வழி இல்லாமல் போயிற்று, அந்த ஒரு கேலியில் நாலு பேர் முன்னால் உன்னை உரித்துப் போட்டான்.

கருமாதியன்று வந்து, "வெளாட்டுக்குத்தான மதினி சொன்னேன்" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். விளையாட்டுக்குத்தான். தெரிந்து சொல்லவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஊர் சிரித்ததை விட்டேன். மல்லிகா சிரித்ததை விட்டேன். ஒளித்து வைத்த உன்னையும் விட்டேன். இந்தக் கட்டை வேகிற வரை விடமாட்டேன் ஒருத்தனை.

செல்வராசை.