பிரீனாவுக்குப் பால் ஏன் இறங்கவில்லை

அன்புள்ள ஞானபாய்க்கு, கொச்சியிலிருந்து தங்கையா சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? போனில் பேசினால் மகள் பிரீனா காதில் விழும், அதனால் கடிதம். நான் காவல் பார்க்கும் ஃபிளாட்டில் இருக்கும் குளச்சல் நர்ஸ் ரஸீனா எழுதித் தருகிறாள்.

பிள்ளை பெற்று இருபது நாளாகியும் பிரீனா அழுகிறாள், பாலும் குறைவு என்றாய். பால் இல்லாமல் அழுகையா, அழுது பால் வற்றியதா என்று ரஸீனாவிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும் மாமா. மனசுக்க நோயா இருக்கலாம். டாக்டர்ட்ட காட்டணும். பால் குடுத்துக்கிட்டே திங்கக்கூடிய மருந்தும் உண்டு" என்றாள்.

பிரீனாவை நீ பெற்றபோது, பால் ஊறட்டும் என்று ராஜாக்கமங்கலம் கடற்கரையிலிருந்து பதினோரு நாள் பால்சுறா வாங்கி வந்தேன். பன்னிரண்டாம் நாள் நீ, "மீனுக்க கண்ணப் பாத்து வாங்கத் தெரியுது, எனக்க மொகத்தப் பாக்கத் தெரியல்லியா?" என்றாய். நான் சிரித்துவிட்டுப் போனேன். அது என்னவென்று முப்பது வருடம் கழித்துத்தான் விளங்குகிறது.

சுறாப்புட்டைத் தந்துவிட்டுப் பால் எங்கே என்று அவளை ஏசாதே. கடிதம் கிடைத்ததும் டாக்டரிடம் கூட்டிப் போ. பால்பொடி கொடுக்கச் சொன்னால் கொடு.

ரஸீனாவுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுகிறேன், போனைப் பிரீனாவிடம் கொடு. பாலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன்.

தங்கையா