பேட்டரி: பார்க்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் என் மனைவி காய்கறிப் பைக்குள்ளிருந்து ஒரு போர்டை எடுத்து என் மேசையில் வைத்தாள். பழைய வீடியோ கேம் மெஷினின் போர்டு. சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஈயம் பற்றவைத்த இடமெல்லாம் ஒரு வால், அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்தவை. இடக்கைக்காரன் வேலை. இவளுடைய அண்ணன், என் மச்சான்.

"நாலு பேருகிட்ட காட்டிட்டாராம், ஒருத்தராலயும் முடியல. நீங்க தொட்டா சரியாயிடும்னு சொன்னாரு."

"அவன் சொன்னானா, நீயா சொல்றியா?"

"யாரு சொன்னா என்ன? ஒண்ணா உக்காந்து வேல பாத்தவங்கதானே."

ஒன்றாக உட்கார்ந்துதான் கழுத்தை அறுத்தான். ஆறு வருடம் ஆகிறது. அப்போது பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. கண்ணாடிக்காரர் என்று நாங்கள் சொல்லும் வாடிக்கையாளர் ஒருவர் தன் போர்டை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். பழைய மெஷின்களைச் சேர்த்து வைக்கும் பைத்தியம் அவருக்கு. தன் சிப்புகளின் தலையில் பச்சை நெயில் பாலிஷால் பொட்டு வைத்துவிடுவார். திரும்ப வாங்கும்போது ஒரு சிப்பில் பொட்டு இல்லை. எங்கும் விலைக்குக் கிடைக்காத சிப். கடை நிறைய ஆட்கள். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ரெண்டு நாளும் போர்டு இவன் டேபிள்லதான் இருந்துச்சு."

அன்றிலிருந்து நான் திருடன்.

மார்ச் 4, புதன்

தொடவில்லை. கிடக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

தொட்டேன். கை சும்மா இருக்கவில்லை, என்ன செய்ய.

ஆட்டக்காரன் ஒழுங்காக ஓடுகிறான். பின்னால் வரும் மலையும் கட்டடமும் மட்டும் பட்டை பட்டையாகக் கிழிந்து போகின்றன. அப்படியானால் பின்னணியை வைத்திருக்கும் மெமரி. நான்கு சிப். சந்தேகப்பட்டதன் முதுகில் ஒரு நல்ல சிப்பைக் கால் மேல் கால் பொருந்த ஏற்றி அழுத்தினால் படம் தெளிய வேண்டும். பட்டறையில் இதை உப்புமூட்டை என்போம். முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் அழுத்தியதும் மலை முழுசாக எழுந்து நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாருக்காகச் சிரிக்கிறேன் என்று நினைவு வந்ததும் நிறுத்தினேன்.

மார்ச் 6, வெள்ளி

பழைய சிப்பின் கால்களை வெட்டிக் கழற்றி, சாக்கெட் வைத்துப் புதியதைப் போட்டேன். போர்டு பளிச்சென்று ஓடுகிறது.

அப்புறம் பேட்டரியை அளந்தேன். இந்த வகைப் போர்டில் ஒரு விஷமம் உண்டு. விளையாட்டைத் திறக்கும் சாவி ஒரு குட்டி மெமரியில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது ஒரு சின்ன பேட்டரி. அது செத்தால் சாவி அழியும், திரை கறுப்பாகிவிடும். எனக்குத் தெரிந்து யாரும் அதைத் திரும்பக் கொண்டுவந்ததில்லை. புது பேட்டரி மூன்றரை வோல்ட் காட்டும். இது 2.3. பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து.

இருபத்தொன்றாம் தேதி மச்சான் தன் புது கேம் ஹாலைத் திறக்கிறான். வாசலில் நிற்கப்போவது இந்த மெஷின்தான். கண்ணாடிக்காரர்தான் திறந்து வைக்கிறாராம், இவள் சொன்னாள்.

நான் எதையும் உடைக்க வேண்டாம், கெடுக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

எந்தப் போர்டு போனாலும் கூடவே ஒரு சீட்டுக் கட்டி அனுப்புவது வழக்கம். என்ன கோளாறு, எதை மாற்றினோம், பேட்டரி எவ்வளவு. அந்தக் கடைசி வரியை ஒருநாளும் விட்டதில்லை. இன்று எழுதினேன்: "பேட்டரி: பார்க்கவில்லை."

இவள் பையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் சந்தோஷப்படுவாரு" என்றாள். படட்டும். அத்தனை பேர் முன்னால் நிற்கட்டும், காது மடல் சுடுகிறது என்றால் என்னவென்று தெரியட்டும்.

மார்ச் 12, வியாழன்

இவளிடம் கேட்டேன், மெஷின் ஓடுகிறதா என்று. "ஜம்முனு ஓடுதாம். என்ன இவ்ளோ அக்கறை?" என்று சிரித்தாள். ஒன்பது நாள் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

இன்னும் ஓடுகிறதாம். சீக்கிரமே செத்துவிட்டால் என்ன பிரயோஜனம்? பேட்டரியே, நாலு நாள் தாக்குப்பிடி. இப்படியும் ஒருவன் வேண்டிக்கொள்வானா?

மார்ச் 20, வெள்ளி

ஒருவருக்கு உதிரி சிப் தேவைப்பட்டது. பரணில் கிடந்த என் பழைய செத்த போர்டை இறக்கினேன். கண்ணாடிக்காரருடைய போர்டும் இதே வகை. தூசியைத் துடைத்தேன்.

பச்சைப் பொட்டு.

கழுவினேன், வெளிச்சத்தில் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். பச்சைதான்.

இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. அந்த வாரம் இரண்டு போர்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலிருந்தும் சிப்புகளைப் பிடுங்கி, கறுத்த கால்களை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பச் செருகும்போது இதை அதிலும் அதை இதிலும் செருகியிருக்கிறேன். வேறு எவனும் இல்லை. நான்.

அன்றே என் அலமாரியைத் தேடவிட்டிருந்தால் அஞ்சு நிமிடத்தில் கிடைத்திருக்கும். "என் அலமாரியில எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்"னு கத்தினது யாரு? நான்தானே! அவன் சொன்னது உண்மை. போர்டு என் மேசையில்தான் இருந்தது.

மணி மதியம் மூன்று. இப்போதே கிளம்பலாம். புது பேட்டரி இருக்கிறது. பழையதை எடுக்குமுன் புதியதை அதன் பக்கத்திலேயே இணைத்துவிட்டால் சாவி அழியாது, அரை மணி வேலை.

போய் என்ன சொல்ல? எந்த முகத்தோடு?

நாளைக் காலை போகிறேன். ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும்.

மார்ச் 21, சனி

ஆகிவிட்டது.

எட்டரைக்கே போனேன். நேற்று மூடும்வரை ஓடியதாம், காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்பு. அதற்குள் கண்ணாடிக்காரர் வந்துவிட்டார். இன்னும் இருபது பேர். என்னைப் பார்த்ததும் அவர், "இவன் கை பட்டதா? அப்ப சரிதான்" என்றார்.

மச்சான் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினான். "பேட்டரி பாக்கலைன்னு இவன் தெளிவா எழுதிக் குடுத்திருக்கான் சார். பாக்க வேண்டியது நான். தப்பு என்னோடது. அன்னிக்கும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அத்தனை பேர் முன்னால். ஆறு வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

சிப்பை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் மட்டும் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்: பொட்டு, 2.3, சீட்டில் எழுதிய பொய், வெள்ளிக்கிழமை மூன்று மணி.

சிப்பை வாங்கி, பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"இத கண்ணாடிக்காரர்கிட்ட குடு. எல்லார்கிட்டயும் சொல்லு மச்சான்," என்றேன். "நான் செஞ்சத சொல்லு."

"சொல்ல மாட்டேன் மாப்ள."

"ஏன்?"

"சொன்னா உனக்குக் கோவம் வரும். கோவம் இருந்தா நீ நிம்மதியா இருப்ப."

சிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஏப்ரல் 8, புதன்

கண்ணாடிக்காரர் இரண்டு போர்டோடு நேரில் வந்தார். சிப் கிடைத்துவிட்டதாம். மச்சானின் பழைய சாமான்களுக்குள் கிடந்ததாம், அவனே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டானாம்.

"உங்கள நாங்க என்னென்ன சொல்லிட்டோம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கை சுத்தமான ஆளுன்னு உங்க மச்சான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு."

போர்டுகளை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னேன்.