வலைநூல் அளவு

கரம்பன், ஊர்காவற்றுறை
3.1.1968

அன்புள்ள அத்தானுக்கு,

நத்தார்ப் பாலன் பிறப்புக்கு நீங்கள் கொழும்பிலை தைப்பிச்சு அனுப்பின பிளவுஸ் முழங்கைக்கு மேலை ஏறேல்லை. எங்கடை கலியாணத்துக்கு நான் போட்ட பிளவுஸைத்தானே இன்னும் தையற்காரரிட்டை அளவுக்குக் குடுக்கிறியள்? அதை நீங்கள் கொண்டுபோய் ஒன்பது வருசம்.

இவ்வளவு நாளும் நீங்கள் அனுப்பின பிளவுஸுகளின்ரை தையலைப் பிரிச்சுப் போட்டு, மேலாலை சீலையைப் போர்த்து மறைச்சுக்கொண்டுதான் பூசைக்குப் போனனான். இந்த நத்தாருக்குப் போர்க்கேல்லை. தங்கச்சி றோசலின் வலைநூலாலை என்னை அளந்தாள். ரெண்டு பிள்ளை பெத்த இடுப்பு, தண்ணி அள்ளி உரமேறின கை. அதுக்கேற்ற மாதிரி சிவப்புத் துணியிலை நானே வெட்டித் தைச்சன். போட்டுக்கொண்டு கோயிலிலை முன்வரிசை வாங்கிலை இருந்தனான். "உமக்கு நல்ல வடிவாயிருக்கு" எண்டு உங்கடை அக்கா சொன்னா. கண்ணாடியிலை நான் முதலே பாத்திட்டன்.

சின்னவன் சுகம். நீங்கள் லீவிலை வந்து போனது அவனுக்கு நினைவில்லை; அப்பா எங்கை எண்டால் சுவரிலை இருக்கிற உங்கடை படத்தைத்தான் காட்டுறான்.

அந்த நூலை இதுக்குள்ளை வைச்சிருக்கிறன். நுனியிலையிருந்து முடிச்சு வரைக்கும் என்ரை இடுப்புச் சுற்றளவு. வளைச்சுக் கட்டி, உங்கடை ரெண்டு கைக்கும் நடுவிலை பிடிச்சுப் பாருங்கோ. அவ்வளவும் நான்தான். ஒரு விரற்கடைகூடக் குறையமாட்டன்.

உங்கடை மனுசி