அந்தப் பக்கத்துப் பாடம்

ஜூலை 7, 1913

புளி காயப் போட்டேன். பாதிதான் காய்ந்தது. மேற்கே மழை பிடித்துவிட்டது, ஆறு கலங்கி வருகிறதாம்.

பேத்தி லில்லி காலேஜிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அங்கே புதுச் சட்டமாம். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் சரித்திரம், தர்க்கம், லத்தீன் என்று அந்தப் பக்கத்துப் பாடம் ஒன்றும் சேர்த்து எடுத்தே ஆகவேண்டும். எடுக்காதவளுக்கு விஞ்ஞான வகுப்பில் இடமில்லை. சரித்திரமும் தர்க்கமும் நடக்கிற நேரத்தில் இவளுக்குச் சோதனைச்சாலை. மிச்சம் லத்தீன்தான்.

"லத்தீனா? அது மாதா கோவில் பூசைக்காரங்க பாஷைலா! அது இந்த வாசப்படிய மிதிக்காது."

"டாக்டர்மார் எழுதுத மருந்துச் சீட்டும் லத்தீன்தான் ஆச்சி."

புளியை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஜூலை 8

என் மகன் சாலமோன், லில்லியின் அப்பா, தாலுகா கச்சேரி வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டான். "நல்லதாப் போச்சும்மா. லில்லியப் பொண்ணு கேட்ட நாசரேத்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிருதேன்" என்றான். விஞ்ஞானம் இல்லையென்றால் பட்டணத்து டாக்டர் படிப்பும் இல்லை. அப்புறம் எதற்குக் காத்திருக்க என்கிறான்.

என்னை மூன்றாம் வகுப்பில் நிறுத்தினபோதும் இதே "நல்லதாப் போச்சு"தான். சொன்னவர் பெரியப்பா. செவ்வாய்க்கிழமை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னார்.

லில்லி படிப்பாள். எழுதிவிட்டேன்.

ஜூலை 10

காலேஜுக்குப் போய் அதை நடத்துகிற பெரிய துரைசானியம்மாளைப் பார்த்தேன். லத்தீனுக்குப் பதில் வேறு ஏதாவது கொடுங்கள், இல்லை சோதனைச்சாலை நேரத்தை மாற்றுங்கள் என்றேன். இரண்டும் முடியாதாம். அதோடு இன்னொரு முடிச்சு. லத்தீன் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு வருஷம் படித்தவர்கள். இவள் வெளியே எங்காவது படித்துவிட்டு ஆகஸ்டுக் கடைசியில் பரீட்சை எழுதவேண்டும். தேறினால்தான் சேர்ப்பார்கள்.

"சட்டம் சகலருக்கும் ஒன்றே, பாட்டியம்மா" என்றார், வேதாகமத் தமிழில். பாட்டியம்மாவாம்! அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

ஜூலை 11

லத்தீன் தெரிந்தவர்கள் மாதா கோவில் சாமியார்மார்கள். அவர்களிடம் குமருப் பிள்ளையை அனுப்ப முடியாது. அவர்களை விட்டால் ஓர் ஆள்தான். பெயரை எழுதமாட்டேன்.

ஜூலை 12

லில்லி எழுத வைத்துவிட்டாள். "ஆச்சி, அக்கரையில சந்தியாகு தாத்தா..." என்று இழுத்தாள். கையை ஓங்கிக் காட்டினேன். நிறுத்திவிட்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

சந்தியாகு என் தங்கச்சி ஜெபகனியின் புருஷன். சாமியாருக்குப் படிக்கப்போய், பாதியில் ஓடிவந்து, அவளை மாதா கோவிலுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டவன். அரைச்சாமியார் என்று பேர் வைத்ததே நான்தான். ஆனாலும் பேச்சை விட்டது அதற்காக இல்லை. எங்கள் அம்மா இறந்து மாதம்கூட ஆகவில்லை. ஜெபகனி எங்கள் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு, "தாயில்லாத வீடு மாதிரில்லா வெறிச்சுன்னு கிடக்கு" என்றாள். எங்கள் புரோட்டஸ்டண்டுக் கோயிலில் மாதா சுரூபம் இல்லை என்று குத்தினாள். எந்த நேரத்தில் எந்த வார்த்தை! பச்சைக்கரைச் சேலை கட்டியிருந்தாள்.

அன்றைக்கு விட்டது. அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீரராகவபுரத்தில் இருக்கிறாள். நான் பாலத்தையே தாண்டுவதில்லை. சாலமோன் கல்யாணத்துக்கும் இந்தக் கரையில் கிடைத்த சேலையைத்தான் எடுத்தேன்.

ஜூலை 13

கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் நீளம். ஒரு வசனம்கூட மனதில் நிற்கவில்லை. எனக்கா இப்படி?

ஜூலை 14

பாலம் தாண்டினேன்.

ஜூலை 15

நேற்று நடந்தது. லில்லியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு நான் வண்டியிலேயே இருந்தேன். ஜெபகனி வாசலில் வந்து நின்றாள். லில்லியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏட்டி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சி. ஒங்க ஆச்சிக்கும் அங்கனயே கொண்டாரணுமா?" என்றாள். வண்டிக்காரன்கூடச் சிரித்தான். இறங்கிவிட்டேன்.

கொண்டுபோன பழத்தை எங்கே வைக்க என்று பார்த்தேன்.

"மேசையில வைங்க மைனி" என்றான் சந்தியாகு. வைத்தேன். "லத்தீன் மேலல்லா வச்சிருக்கீங்க!"

மேசை என்பது பறங்கியர் கொண்டுவந்த சொல்லாம். அதற்கும் தாய் மென்ஸா என்கிற லத்தீனாம்.

"பொய்யி."

"ஒங்க வீட்ல மேசை உண்டுல்லா?"

"உண்டு."

"அப்போ லத்தீன் என்னைக்கோ ஒங்க வாசப்படி தாண்டியாச்சே மைனி!" நான் சொன்னதை லில்லி போய்ச் சொல்லியிருக்கிறாள்.

இதை எழுதுவதும் அந்த மேசையில்தான். மடியில் வைத்து எழுதிப் பார்த்தேன். எழுத்து கோணுகிறது. திரும்ப மேசைக்கே வந்துவிட்டேன்.

ஜூலை 29

"எம்மா, எப்பப் பாத்தாலும் அக்கரைக்குப் போறீயளாம். ஊரே பேசுது" என்றான் சாலமோன்.

"பேசுதவன் பேரச் சொல்லுலே. நான் மறக்கமாட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பிவிட்டான்.

ஆகஸ்டு 9

மென்ஸா, மென்ஸாம், மென்ஸே. வீட்டில் மேசைக்கு லத்தீன் வேற்றுமை ஒப்பிக்கையில் லில்லி தடுக்கி நின்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்றா படித்தேன்? காதில் வந்து விழுந்தால் என்ன செய்ய?

சந்தியாகு நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஜெபகனியோடு இன்னும் பேசவில்லை. லில்லிக்குச் சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவளும் அப்படியே.

ஆகஸ்டு 29

தேறிவிட்டாள். துரைசானியம்மாள் கையைக் குலுக்கினாராம். நாசரேத்துக்கு இப்போது வேண்டாம் என்று ஆள் போயிற்று. நானே அனுப்பினேன்.

செப்டம்பர் 3

ஜெபகனி பாலம் தாண்டி வந்தாள். லில்லிக்கு முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். திரும்பும்போது கூடவே நடந்தேன். வழியில் எங்கள் கோயில். ஆராதனை இல்லாத நேரம். "எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா வைவாரு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் நின்றாள். சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "இப்பவும் வெறிச்சுன்னுதான் கிடக்கா?"

சுற்றிப் பார்த்தாள்.

"ஆமா. வெறிச்சுன்னுதான் கிடக்கு. பைய நகந்து உக்காரு யக்கா."

நகர்ந்தேன்.